செம்மறியாட்டை நம்பின முப்பது வருஷம்

சிசேரியன் செய்த அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கோ. முள்ளந்தண்டில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தலை சுத்தி, சத்தி வாற மாதிரி இருந்தது எண்டு பலர் சொல்லுவினம். அந்த ஊசி வலியை மட்டும் நிறுத்துவதில்லை; இரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகளையும் தடுத்துவிடும். குழாய்கள் தளர, தாயின் குருதியமுக்கம் விழும். பிள்ளைக்குப் போகும் குருதியும் குறையும். உடனே பிரஷரை ஏற்ற வேண்டும். எந்த மருந்தால்?

கிட்டத்தட்ட முப்பது வருஷமாக இதற்குச் சொல்லப்பட்ட பதில் எபெட்ரின். சீன வைத்தியத்தில் நெடுங்காலம் பாவித்த மாஹுவாங் செடியிலிருந்து யப்பானியரான நாகாய் நாகயோஷி 1885 இல் பிரித்தெடுத்த மருந்து அது. 1924 இல் சென், ஷ்மித் இருவரும் பீஜிங்கில் செய்த ஆய்வை வெளியிட்ட பிறகுதான் மேற்குலகம் அதைக் கவனித்தது.

பிரசவ அறையில் அதற்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது செம்மறியாடு. 1974 இல் ரால்ஸ்டன், ஷ்னைடர், டிலோரிமியர் ஆகியோர் சினையாடுகளுக்கு நான்கு மருந்துகளைக் கொடுத்து, கருப்பைக்கான குருதியோட்டத்தை அளந்தார்கள். எபெட்ரின் அதைப் பெரிதாகக் குறைக்கவில்லை. குழாய்களை நேரே இறுக்கும் மெதொக்சமின் நன்றாகவே குறைத்தது. அதோடு குழாய் இறுக்கும் மருந்துகள் எல்லாமே பிள்ளைக்கு ஆகாது எண்ட பயம் ஊறிவிட்டது.

இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைக்கு முதலிடத்தில் இருக்கும் பினைல்எப்ரின் அந்த நான்கில் இல்லை! சொந்தக்காரன் செய்த குற்றத்துக்கு அதைத் தள்ளி வைத்தார்கள்.

2002 இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த லீ, ஙான் கீ, ஜின் ஆகியோர், 292 தாய்மாரிடம் நடந்த 7 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். பிரஷரைக் காப்பதில் இரண்டு மருந்தும் ஒன்றுதான். ஆனால் தொப்புள்கொடிக் குருதியில் அமிலத்தன்மை குறைவாக இருந்தது பினைல்எப்ரின் பக்கம். எபெட்ரின் சூல்வித்தகத்தைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் உடலையே வேகமாக வேலை செய்ய வைக்கிறது எண்டது பின்னர் தெளிவானது. ஆட்டில் அளந்தது பொய்யில்லை. ஆனால் குழாயில் ஓடியதைத்தான் அளந்தார்கள், பிள்ளைக்கு நடந்ததை அல்ல. 2018 இல் வந்த சர்வதேச இணக்க அறிக்கை பினைல்எப்ரினை முன்னுக்கு வைத்தது.

கதை இதோடு முடியவில்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நாள் குறித்துச் சத்திரசிகிச்சைக்கு வந்த சுகதேகியான தாய்மாரிடம் நடந்தவை. கடும் நோயோடு வாற தாயின் உடல் வேறு கணக்குப் போடும். பினைல்எப்ரின் இதயத்துடிப்பைக் குறைக்கும். பலவீனமான இதயத்துக்கு அது பாரமாகலாம். கடுமையான கர்ப்பகால உயர் அமுக்கம் உள்ள தாய்மாருக்கோ, அந்த ஊசிக்குப் பிறகு பிரஷர் சுகதேகிகளை விடக் குறைவாகத்தான் விழுகிறது; வழக்கமான அளவில் மருந்து கொடுத்தால் எகிறிவிடக்கூடும். குருதி நிறையப் போனவருக்கு இறுக்கும் மருந்து சற்று நேரம் தாங்கும், குருதிக்குப் பதிலாகாது.

ஆட்டை அப்படியே தாயாக எடுத்தது ஒரு பிழை. சுகமான தாயை அப்படியே நோயாளித் தாயாக எடுத்தால், அதே பிழையைத்தான் நாங்கள் திரும்பவும் செய்வோம்.