பிள்ளை கேட்கும் கேமிங் கணினி: கணக்கைத் திரையில் இருந்து தொடங்குங்கள்

புலம்பெயர் நாடுகளில் பிள்ளைகள் பதின்ம வயதுக்கு வந்ததும் பல வீடுகளில் எழும் கோரிக்கை ஒன்று உண்டு. "எனக்கு ஒரு கேமிங் கொம்பியூட்டர் வேணும். சாமான்களை வாங்கித் தாங்கோ, நானே பூட்டுறன்." கொஞ்சக் காலத்தில் தலையில் மாட்டும் விஆர் கண்ணாடியும் பட்டியலில் சேர்ந்துவிடும். ஒரு குடும்பம் பல மாதம் மிச்சம் பிடிக்கும் பணம் இது. ஆனால் பிள்ளை சொல்லும் பெயர்களும் இலக்கங்களும் பெற்றோர் பலருக்கு விளங்குவதில்லை. அதனால் ஒன்றும் கேளாமல் காசைக் கொடுக்கிறோம், அல்லது ஒன்றும் கேளாமல் மறுத்துவிடுகிறோம். இரண்டிலும் பிள்ளையோடு சேர்ந்து கணக்குப் பார்க்கும் வாய்ப்புப் போய்விடுகிறது. அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு வேண்டிய அடிப்படைகளை இங்கே தருகிறோம்.

முதலில் திரை

திரைப்படம் ஏற்கெனவே எடுத்து முடிக்கப்பட்ட ஒன்று. கணினி விளையாட்டு அப்படியல்ல. ஆடுபவரின் கை அசைவுக்கு ஏற்ப ஒவ்வொரு படத்தையும் கணினி அந்தந்தக் கணத்தில் புதிதாக வரைய வேண்டும். ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள், விநாடிக்கு எத்தனை படங்கள் என்ற இரண்டு கேள்விகளுமே கணினியின் விலையைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் பதில் திரையில்தான் இருக்கிறது. எனவே திரையைத் தீர்மானிக்காமல் கணினிப் பாகங்களைத் தெரிவு செய்வது, ஆளை அளக்காமல் சட்டை தைப்பது போன்றது.

சாதாரண 1920×1080 திரையில் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 2560×1440 திரையில் 37 இலட்சம். 4கே எனப்படும் 3840×2160 திரையில் 83 இலட்சம். ஆடுபவரைச் சுற்றி வளைந்து நிற்கும் 49 அங்குல அகலத் திரைகளில் பல 5120×1440 அளவுடையவை, அவற்றில் 74 இலட்சம். 2023 ஒக்ரோபரில் வந்த மெட்டா குவெஸ்ட் 3 விஆர் கண்ணாடியில் ஒரு கண்ணுக்கு 2064×2208 வீதம் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 இலட்சம்.

ஹேர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு. 60 ஹேர்ட்ஸ் திரைக்கு ஒரு படத்தை வரைய 16.7 மில்லி விநாடி கிடைக்கும். 144 ஹேர்ட்ஸ் திரைக்குக் கிடைப்பது 6.9 மில்லி விநாடி மட்டுமே. நண்பர்களோடு இணையத்தில் பந்து விளையாட்டும் சுடும் விளையாட்டும் ஆடும் பிள்ளைக்கு 4கேயை விட 1080 அல்லது 1440 அளவில் 144 ஹேர்ட்ஸ் திரை கூடிய பயன் தரும். அதற்கான கணினியும் மலிவு.

கிராபிக்ஸ் கார்ட்: பெயரில் உள்ள பொறி

படம் வரையும் வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்ட். கேமிங் கணினியில் பெரும்பாலும் அதிக விலையுள்ள பாகமும் அதுவே. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்களின் கார்ட்கள் சந்தையில் உள்ளன. பெட்டியில் உள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. 2025இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபி நினைவகத்துடனும் 16 ஜிபி நினைவகத்துடனும் விற்கப்படுகின்றன. புதிய விளையாட்டுகள் பலவற்றை உயர்ந்த தரத்தில் ஓட்ட 8 ஜிபி போதுவதில்லை. நினைவகம் நிரம்பியதும் படம் விக்கி விக்கி ஓடும். சில வருடம் வைத்துப் பாவிக்க எண்ணினால் 12 அல்லது 16 ஜிபி கார்டே நல்லது.

மடிக்கணினியிலும் இதே பொறி உண்டு. மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 5070இல் 12 ஜிபி, அதே பெயரில் மடிக்கணினிக்கு வருவதில் 8 ஜிபி. வேகமும் குறைவு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே பொருள் என்று எண்ண வேண்டாம்.

மற்றப் பாகங்கள்: எங்கே சிக்கனம், எங்கே கூடாது

பிராசஸருக்கு அளவுக்கு மீறிச் செலவழிக்கத் தேவையில்லை. பள்ளிப் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் ஆறு கோர் கொண்ட ரைசன் 5 7600 போன்ற ஒன்று போதும். அது பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்டுக்கு டிடிஆர்5 ராம் மட்டுமே சேரும். வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் இருக்கிறது என்று எடுத்துப் போட முடியாது. ராம் 16 ஜிபிக்குக் குறையக்கூடாது, 32 இருந்தால் வசதி. 2025 இறுதியில் ராமின் விலை கடுமையாக ஏறியதால், முதலில் 16 ஜிபியோடு தொடங்கிப் பின்னர் கூட்டுவதும் ஒரு வழி. சேமிப்புக்கு 1 டிபி எஸ்எஸ்டி வேண்டும். தனியொரு பெரிய விளையாட்டே 100 ஜிபியைத் தாண்டுவது இன்று வழமை.

வண்ண விளக்கு, கண்ணாடிப் பெட்டி, கேமிங் கதிரை போன்றவற்றில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். பவர் சப்ளையில் மட்டும் பிடிக்கக்கூடாது. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுப்பது அதுதான். தரமற்ற ஒன்று பழுதாகும்போது மற்றப் பாகங்களையும் சேதப்படுத்தக் கூடும். '80 பிளஸ்' வெண்கலம், தங்கம் என்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே காட்டும். பாதுகாப்புக்கு அவை சான்று அல்ல. ஆகவே பெயர் பெற்ற தயாரிப்பாளரா, உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதைப் பாருங்கள். நடுத்தரக் கணினி ஒன்றுக்கு 650 வாட் போதும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். வயரைப் பிடுங்கிய பின்னரும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பூட்டும் ஒழுங்கு

கணினி பூட்டுவதற்குப் பொறியியல் படிப்புத் தேவையில்லை. ஒரு நட்சத்திரத் திருகாணிச்சாவியும் அரைநாள் பொறுமையும் போதும். கம்பள விரிப்பில் நின்று வேலை செய்யாதீர்கள். வெறும் உலோகம் ஒன்றைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னைப் போக்கிய பின் பாகங்களைத் தொடுங்கள்.

மதர்போர்டைப் பெட்டிக்குள் வைக்கும் முன்னரே, மேசையில் வைத்து பிராசஸர், ராம், எஸ்எஸ்டி மூன்றையும் பொருத்திவிடுவது சுலபம். பிராசஸர் தன் பாட்டில் இடத்தில் அமர வேண்டும், அழுத்தக்கூடாது. நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில் இரண்டு ராம் துண்டுகள் என்றால், வழமையாகப் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் இடங்களில் செருக வேண்டும். பிராசஸரின் மேல் வெப்பப் பசை கடலைப் பருப்பளவு போதும். அதன்மேல் குளிர்விசிறி. பின்னர் மதர்போர்ட் பெட்டிக்குள் போகும். அடுத்துப் பவர் சப்ளையும் வயர்களும். கடைசியில் கிராபிக்ஸ் கார்ட். அதன் மின்வயரை அடிவரை இறுகச் செருக வேண்டும். புதிய என்விடியா கார்ட்களில் சரியாகச் செருகப்படாத இணைப்புகள் உருகிய சம்பவங்கள் உண்டு.

கணினி ஓடத் தொடங்கிய பின் மூன்று விடயங்களைச் சரிபாருங்கள். திரையின் வயர் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் அமைப்பில் திரையின் ஹேர்ட்ஸ் 60இல் நிற்கிறதா என்று பார்த்து உயர்த்த வேண்டும். பயோஸில் ராமின் முழு வேகத்துக்கான எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க வேண்டும். இவற்றைச் செய்யாவிட்டால் கொடுத்த காசுக்கான வேகம் கிடைக்காது.

விஆர் கண்ணாடி: வாங்குமுன் அறிய வேண்டியவை

தலையில் மாட்டும் திரை புதிய எண்ணம் அல்ல. அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் 1968இலேயே ஒன்றைச் செய்து காட்டினார். பாரம் அதிகமென்பதால் அது கூரையில் இருந்து தொங்கியது. 2012இல் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டித் தொடங்கிய ஒக்யூலஸ் ரிஃப்ட், 2016இல் கடைகளுக்கு வந்த பின்னரே வீடுகளில் விஆர் பரவத் தொடங்கியது.

பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, விஆர் கண்ணாடிக்குக் கணினி கட்டாயம் இல்லை என்பதே. குவெஸ்ட் 3, அதைவிட மலிவான குவெஸ்ட் 3எஸ் ஆகியவற்றுக்குள்ளேயே பிராசஸர் இருக்கிறது. தனித்தே இயங்கும். பின்னர் கணினியோடும் இணைக்கலாம். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கத் தேவையில்லை.

கணினியோடு இணைக்கும்போது வேலை கடினமாகிறது. விஆரில் பொதுவாக விநாடிக்கு 90 படம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 11.1 மில்லி விநாடி. வில்லை ஏற்படுத்தும் வளைவைச் சரிக்கட்டத் திரையில் உள்ள புள்ளிகளை விடக் கூடுதலாகவும் வரைய வேண்டியிருக்கிறது. சாதாரணத் திரையில் படம் பிந்தினால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். விஆரில் பிந்தினால் தலை சுற்றும், வயிற்றைக் குமட்டும். வயரில்லாமல் இணைப்பதாயின் கணினியை ரவுட்டருடன் வயரால் இணைத்து, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே ஆடுவது நல்லது.

கணினி எவ்வளவு வேகமானாலும் சிலருக்குக் குமட்டல் வரும். நடப்பதாகக் கண் சொல்லும், அசையவில்லை என்று உட்காது சொல்லும். இந்த முரண்பாடே காரணம். நின்ற இடத்தில் ஆடும் விளையாட்டில் தொடங்கி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்திப் பழக வேண்டும். குமட்டினால் உடனே கழற்ற வேண்டும், பொறுத்துக்கொண்டு ஆடினால் கூடும்.

வயதெல்லையும் உண்டு. மெட்டா நிறுவனம் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதிப்பதில்லை. 10 முதல் 12 வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு வேண்டும். சோனியின் பிஎஸ் விஆர்2 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உரியதல்ல. அண்ணன் ஆடும்போது தம்பியும் தங்கையும் கேட்பார்கள் என்பதால் இதை முன்கூட்டியே வீட்டில் பேசி வைக்க வேண்டும். இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும், அதற்கேற்ப வில்லைகளைச் சரிசெய்யாவிட்டால் கண் வலிக்கும். மூக்குக்கண்ணாடி அணியும் பிள்ளைக்கு அதன்மேல் பொருந்துமா என்று கடையில் மாட்டிப் பாருங்கள்.

அறையில் நடந்து ஆடுவதற்கு ஆகக்குறைந்தது 2 மீற்றர் நீளமும் 1.5 மீற்றர் அகலமும் வெறுமையாக வேண்டும். தொடர்மாடி வீடுகளில் இதுவே பெரிய கேள்வி. கீழ்வீட்டாருக்கு மிதிக்கும் சத்தம் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தக் கண்ணாடி பிள்ளைகளுக்கு மட்டும் உரியதுமல்ல. உலகின் செய்மதிப் படங்களையும் தெருக்காட்சிகளையும் விஆரில் காட்டும் செயலிகள் உள்ளன. ஊருக்குப் போக முடியாத அம்மம்மா ஒருவர் கதிரையில் இருந்தபடி தன் ஊர்ச் சந்தியை ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம். கட்டடங்கள் முப்பரிமாணத்தில் பதியப்படாத இடங்கள் தட்டையாகவே தெரியும் என்பதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பாவித்த பொருளும் சட்ட உரிமையும்

பாவித்த பாகங்களால் பாதி விலையில் நல்ல கணினி அமையலாம். ஆனால் சில எச்சரிக்கைகள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைப் பிராசஸரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். மலிவாக வரும் அலுவலகக் கணினிகள் சிலவற்றில் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும், மாற்றுவது கடினம். 'விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி' வகை விஆர் கண்ணாடிகள் பாவித்த சந்தையில் மலிவாகக் கிடைக்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து மைக்ரோசொஃப்ட் அவற்றுக்கான ஆதரவை நீக்கிவிட்டது. விலை மலிவு என்று ஏமாற வேண்டாம்.

புதிதாக வாங்குவோருக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறைந்தது 2 வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு. அங்கும் பிரித்தானியாவிலும் இணையக் கடையில் வாங்கிய பொருளைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப உரிமை உண்டு. தனிநபரிடம் வாங்கினால் திருப்பும் இந்த உரிமை இல்லை. பற்றுச்சீட்டையும் பெட்டிகளையும் பத்திரமாக வையுங்கள்.

மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். விளையாடும்போது 400 வாட் இழுக்கும் கணினியை நாளுக்கு 3 மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 36 யூனிட். உங்கள் கட்டண விலையால் பெருக்கிப் பார்த்து, அந்தத் தொகையைப் பிள்ளைக்கும் காட்டுங்கள்.

கடைக்குப் போகுமுன் பிள்ளையிடம் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: எந்த விளையாட்டு? எந்தத் திரை? விநாடிக்கு எத்தனை படம்? அதற்கு எந்தக் கார்ட், எத்தனை ஜிபி? பவர் சப்ளை யாருடையது? மொத்தம் எவ்வளவு? இவற்றுக்கு ஒரு தாளில் பதில் எழுதித் தரும் பிள்ளை வேலையில் பாதியை முடித்துவிட்டது. மீதியைச் சனிக்கிழமை ஒன்றில் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு இரண்டு பேருமாகச் சேர்ந்து பூட்டலாம்.