முதுகடியில் ஒரு கொழுப்புக் கட்டி

சில குழந்தைகள் முதுகின் அடியில், பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே, மெத்தென்ற ஒரு கட்டியோடு பிறக்கின்றன. தொட்டால் வலி இராது. பார்ப்பதற்குச் சாதாரணக் கொழுப்புக் கட்டி. ஆனால் அதன் வேர் முதுகெலும்பின் இடைவெளி வழியாக உள்ளே போய்த் தண்டுவடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிள்ளை வளரும்போது முதுகெலும்பு நீளும். தண்டுவடமோ முளையில் கட்டிய கன்றைப் போல இழுபடும். சிறுநீர் கட்டுப்பாடு போகலாம், பாதம் வளையலாம், கால் மெலியலாம்.

1857-லேயே லண்டனில் அதோல் ஜான்சன் என்ற அறுவை மருத்துவர், ஒரு குழந்தையின் கட்டி தண்டுவட உறையோடு சேர்ந்திருந்ததை எழுதிவைத்தார். அதன் பிறகும் வெகுகாலம், தோற்றத்துக்காக வெளிக்கட்டியை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பினார்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க வழியும் குறைவு. எம்.ஆர்.ஐ. வருமுன் முதுகில் ஊசி போட்டு மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு அதுவே பெரிய பாடு.

அறுவை நுண்ணோக்கி வந்ததும் துணிச்சல் வந்தது. அறிகுறி தெரியுமுன்பே அறுத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாயிற்று. பாரிஸ் நெக்கர் மருத்துவமனையிலும் அப்படித்தான். ஆனால் ஆண்டுகள் போகப் போக, நன்றாக ஓடியாடிய பிள்ளைகள் சிலர் அறுவைக்குப் பிறகும் நலிவதை அங்கே கவனித்தார்கள். 1994 முதல் அறிகுறி இல்லாத 53 குழந்தைகளைக் கத்தி வைக்காமல் கண்காணித்தார்கள். 2004-ல் குல்கர்னி, பியர்-கான், ஸெரா மூவரும் கணக்கை வெளியிட்டார்கள்: ஒன்பது ஆண்டில் நலிவடையும் வாய்ப்பு, சும்மா விட்டவர்களுக்கு 33 சதவீதம், முன்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு 46. தாங்கள் செய்த வேலையின் பலனைத் தாங்களே எண்ணிப் பார்த்து, அது தங்களுக்கே பாதகமாக வந்தும் அச்சேற்றினார்களே, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அமெரிக்காவில் டாச்லிங் பாங் வேறு விதமாக யோசித்தார். கொழுப்பைப் பாதி எடுத்துப் பாதி விட்டால் அந்தப் புண்பரப்பு உறையோடு மறுபடி ஒட்டிக்கொள்கிறது. குறை அறுவையில் இல்லை, அரைகுறை அறுவையில் இருக்கிறது என்பது அவர் வாதம். நரம்புகளை மின்தூண்டலால் சோதித்தபடியே கொழுப்பை ஏறக்குறைய முழுதும் நீக்கி, விரிந்து கிடக்கும் தண்டுவடத்தை நுண்ணிய தையலால் குழாயாகச் சுருட்டி, மேலுறையை ஒட்டுப் போட்டு அகலமாக்கினார். தண்டுவடம் எதிலும் உரசாமல் மிதக்க இடம் வேண்டும் அல்லவா? 2010-ல் அவர் வெளியிட்ட கணக்கில், 16 ஆண்டில் சுமார் 83 சதவீதத்தினர் நலிவின்றி இருந்தார்கள். பாதி மட்டும் எடுத்தவர்களிலோ பத்தரை ஆண்டில் சுமார் 35 சதவீதம்தான்.

அந்தக் கை எல்லாருக்கும் வாய்க்குமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாங்கின் கணக்கிலும் மிகச் சிறந்த பலன் கண்டவர்கள் அறிகுறியே இல்லாத, முன்பு கத்தி படாத குழந்தைகள். பாரிஸ்காரர்கள் தொட வேண்டாம் என்றதும் அதே குழந்தைகளைத்தான். இன்றைக்கும் ஒரே ஸ்கேன் படத்தோடு இரண்டு மருத்துவர்களிடம் போகும் பெற்றோர் இரண்டு பதிலோடு வீடு திரும்பலாம்.