உடையும் உரிமையும்

இவ்வூர்க் குளிருக்குக் கம்பளிக் கோட்டு எது, தோற் பூட்சு எது என்று கடைதோறும் ஆராயும் நாம், பழைய நெய்யாற்றின்கரை வட்டத்து ஒற்றசேகரமங்கலம், பாறசாலைப் பகுதிகளைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு உடையை வகுத்தது பருவமன்று, சாதி. நாடார் முதலிய மக்களுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், முரட்டுத்துணி ஒன்றே. இடைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் அது செல்லலாகாது. செருப்பும் குடையும் விலக்கு. பக்கத்துப் பலராமபுரத்தில் தமிழ் நெசவாளர் மெல்லிய துணி நெய்துகொண்டிருந்த நாட்டில் இந்நிலை!

1859-இல் வெளியான அரச அறிக்கை நாடார் மகளிரின் மேலாடையை நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளியோ, 1893-இல் வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையுமாய், தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஏறிச் சென்றார். 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினருமானார். அவருடைய படத்தில் கோட்டும் தலைப்பாகையும் காண்கின்றோம். குளிருக்கு அணிந்த கோட்டன்று அது.