இரும்பில் எழுதிய வரலாறு

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. கொல்லைப்புறத்துச் சாய்ப்பில் துருவேறிக் கிடக்கும் பழைய மிதிவண்டியை ஓர் ஆவணம் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், படிக்கத் தெரிந்தவருக்கு அதுவும் ஓர் ஏடுதான். முதன்முதலாக ஒரு பழைய வண்டியை வாங்கிச் செப்பனிட விரும்புகிறவர் அந்த ஏட்டைச் சிறிதேனும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கல்லாது கைவைத்தால் பொருளும் வீணாகும், பழமையும் அழியும்.

மிதிவண்டி ஒருவர் கையில் ஒரே நாளில் பிறந்ததன்று. 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலே கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரு சக்கரங்கள் பூட்டிய மரவண்டி ஒன்றில் ஏறிச் சென்றார். அதற்கு மிதிகட்டை இல்லை. காலால் தரையை உந்தியே செல்ல வேண்டும். 1860களில் பாரிசில் முன்சக்கரத்திற்கு மிதிகட்டை வந்தது. 1880ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருளைச் சங்கிலியை ஆக்கினார். 1885ஆம் ஆண்டில் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இன்று நாம் ஏறிச் செல்லும் வண்டியின் உருவம் அந்தச் சில ஆண்டுகளுக்குள் அமைந்துவிட்டது எனலாம்.

அதே 1880களின் இறுதியில்தான் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், ராலே தெருவிலிருந்த ஒரு சிறு பட்டறையில் ஃபிராங்க் பவுடன் முதலிட்டார். தெருவின் பெயரே வண்டியின் பெயராயிற்று. 1902ஆம் ஆண்டில் அந்நகரிலேயே ஸ்டர்மி-ஆர்ச்சர் என்னும் மூன்று வேகப் பல்லிணை தோன்றியது. 1936ஆம் ஆண்டில் வந்த அதன் ‘ஏ.டபிள்யூ.’ வகை பல பத்தாண்டுகள் உலகெங்கும் உழைத்தது. நடு வேகத்தைவிட மேல் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கீழ் வேகம் கால் பங்கு குறைவு. இத்தனையும் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஒரு கூட்டுக்குள் அடக்கம்!

பழைய வண்டி வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியதும் இந்தக் கூட்டைத்தான். துணியால் அழுக்கைத் துடைத்துப் பார்த்தால், பல கூடுகளின் மேல் ஆண்டைக் குறிக்கும் எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 62 என்றிருப்பின் அக்கூடு 1962ஆம் ஆண்டில் வார்க்கப்பட்டது. சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாமாதலால், இது வண்டியின் வயதுக்கு முடிவான சான்றன்று; வலுவான துணைச்சான்று. சட்டத்தின் மேல் ஒட்டிய முத்திரையும் பேசும். ‘ரெனால்ட்ஸ் 531’ என்றிருந்தால், பர்மிங்ஹாமில் 1935ஆம் ஆண்டு அறிமுகமான மாங்கனீசு–மாலிப்டினம் எஃகுக் குழாயால் ஆனது எனக் கொள்ளலாம்.

அடுத்து, குறை காணல். முன்கவைக்குப் பின்னே, மேற்குழாயும் கீழ்க்குழாயும் தலைக்குழாயோடு சேரும் இடத்தின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புடைப்போ பூச்சு வெடிப்போ தென்பட்டால், வண்டி எங்கோ மோதியிருக்கிறது என்பது பொருள். இருக்கைத் தண்டு குழாயோடு துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்றும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். கிழிந்த டயரும் நைந்த கம்பியும் பெருங்குறைகளல்ல, அவை மாற்றத்தக்கவை. வளைந்த சட்டமே வாங்கத் தகாதது.

இங்கே விற்பவரின் பொறுப்பு ஒன்றுண்டு. நமது ஃபிக்ஹு நூல்கள் வணிகத்தில் ‘அய்ப்’ எனப்படும் குறையைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவர்க்கு உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரங்கண்டு, அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி நாமறிந்ததே. மோதிய சட்டத்தின் புடைப்பை நிரவிப் புதுப்பூச்சுப் பூசி விற்பது அந்த ஈரத் தானியத்திற்கு எவ்வகையில் குறைந்தது? ஆகவே, பளபளக்கும் புதுப்பூச்சைக் கண்டு மயங்குவதைவிட, அதன்மேல் ஐயங்கொள்வதே தொடக்கக்காரருக்கு நன்று.

வண்டி வீடு வந்தபின் வேலை தொடங்கும். நம்மூர்க் கடைக்காரர்கள் ‘ஓவராயில்’ என்று வழங்கும் முழுச் செப்பனிடுதல் அது. அச்சுகளைக் கழற்றிக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்தவற்றை மாற்றிப் புதிய கிரீஸ் இட வேண்டும். கப்பும் கோனும் இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. இடப்பக்க மிதிகட்டையின் மரை எதிர்ச்சுற்று உடையது. இதை அறியாதவர் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்குவார். காட்டர் பின்னை அடித்து வெளியேற்றும்போது மிதிதண்டின் அடியில் ஓர் இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுக்க வேண்டும். இன்றேல் சுத்தியலின் அடி முழுவதும் குண்டுகளின் மேல் விழும். சங்கிலியில் 12 முழுக் கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் அதை மாற்றுவதோடு பற்சக்கரத்தையும் சோதிக்க வேண்டும்.

மூன்று வேகக் கூட்டுக்குத் தேவை மெல்லிய எண்ணெயே, கிரீஸ் அன்று. மிதிக்கும்போது கால் வெறுமனே நழுவினால் கூடு கெட்டதென்று எறிந்துவிடுவோர் உண்டு. நடு வேகத்திற்கும் மேல் வேகத்திற்கும் இடையே அதில் ஒரு வெற்றிடம் உண்டு. கம்பியின் இழுப்புச் சற்றே பிசகினாலும் அந்த இடத்தில் நிற்கும். பெரும்பாலும் கம்பியைச் சரிசெய்தாலே போதும். இன்னொன்று டயர் அளவு. ‘26 அங்குலம்’ என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் பல உள. நாட்டிங்ஹாம் வண்டியின் ரிம் 590 மில்லிமீட்டர். மலைப்பாதை வண்டியினது 559. நம் நாட்டுப் பெரிய வண்டியின் 28 அங்குல ரிம்மோ 635. பெயரை நம்பாமல் இந்த எண்ணைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

இனி, எதை மாற்றுவது, எதை விடுவது என்னும் வினா. பிரேக் கட்டைகளும் கம்பிகளும் டயர்களும் உயிரைக் காப்பவை. அவற்றில் பழமை பாராட்டலாகாது. எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்புக் குறையும் என்பதையும் மறத்தலாகாது. ஆனால் பூச்சும் கோடுகளும் முத்திரையும் வேறு வகை. உப்புத்தாளால் அவற்றைத் தேய்த்தெறிந்தால் மீளா. நம் இல்லங்களில் இருந்த அரபுத்தமிழ் ஏடுகள், கிழிந்தவை என்று கருதப்பட்டு எத்தனை அழிந்தன! எழுத்தைக் காத்துக்கொண்டு தாளுக்கு வலுவூட்டுவதே நற்செப்பம். வண்டிக்கும் அதுவே முறை. மென்துணியால் துடைத்து, துருவை மட்டும் நீக்கி, மெழுகு பூசி விட்டாலே போதும்.

நாட்டிங்ஹாமின் கதை நம் மண்ணையும் தொடுகிறது. 1949ஆம் ஆண்டில் முருகப்பா குழுமம், பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூடிச் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் வண்டிகள் தமிழகமெங்கும் ஓடின. அதே பர்மிங்ஹாம் நிறுவனம் 1960ஆம் ஆண்டில் ராலேயையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் ஸ்டர்மி-ஆர்ச்சர் வீழ்ந்து தைவான் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2002ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாமில் ராலே வண்டிகள் பூட்டப்படுவதும் நின்றது. ஆலை மறைந்தது, அங்கே பிறந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றை ஓடச் செய்பவை செப்பனிடுவோரின் கைகளே.

பழைய வண்டியின் அருமையை நமக்கு உணர்த்தியவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழி அம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்களின் வண்டியையே எடுத்தனர். குறுக்குக் குழாயில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதையே விரும்பினோரும் உண்டு. புதியதா, பழையதா என்று அவர்கள் பார்க்கவில்லை. பேருந்துக்குக் காத்திராமல் செல்ல அது உதவியதா என்பதே அவர்கள் கண்ட கணக்கு.

ஆகவே, செப்பனிட்ட வண்டியைச் சுவரில் மாட்டி வைப்பது அதற்குச் செய்யும் சிறப்பாகாது. வீட்டுப் பிள்ளைகளை அருகிருத்தி, ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு குண்டையேனும் அவர்கள் கையாலேயே பொருத்தச் செய்ய வேண்டும். பழுதானதை எறியாமல் சீர்செய்யும் பழக்கம் அங்கே தொடங்கும். பின்னர் அவ்வண்டி பள்ளிக்கும் கடைக்கும் நாள்தோறும் ஓடட்டும்.