வில்ட் சேம்பர்லெய்னோட முழங்கால்: 1969 ஃபைனல்ஸும் ஒரு பழைய சண்டையும்

பேஸ்கட்பால் ரசிகர்கள் வாட்ஸ்அப் குரூப் எதுலயாவது நீங்க இருந்தா, இது தெரிஞ்சிருக்கும். பெரிய ஸ்டார் ஒருத்தர் ப்ளேஆஃப்ல தோத்துட்டா, நம்ம ஊர்ல காலைல மேட்ச் முடிஞ்சு ஆபீஸ் கேப் வர்றதுக்குள்ள குரூப் ரெண்டா உடைஞ்சிடும். "பயந்துட்டான்"னு ஒரு கூட்டம். "டீமே சரியில்ல, அவன் என்ன பண்ணுவான்"னு இன்னொரு கூட்டம். 2011-ல டல்லாஸ் கிட்ட மயாமி தோத்தப்போ லெப்ரான் ஜேம்ஸுக்கு இதான் நடந்தது. நாலாவது மேட்ச்ல அவர் அடிச்சது வெறும் 8 பாயிண்ட். அந்த 8-ஐ இன்னிக்கும் சொல்லிக் காட்டறாங்க.

இந்தச் சண்டையோட மூல வடிவம் 1969-ல இருக்கு. அதுல முதல் கல்லை எறிஞ்சது ரசிகர் இல்ல, பத்திரிகைக்காரரும் இல்ல. ஜெயிச்ச டீமோட பிளேயர்-கோச்.

வில்ட் சேம்பர்லெய்ன் யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஏழடி ஒரு அங்குல உயரம். 1961-62 சீசன்ல மேட்சுக்கு சராசரியா 50.4 பாயிண்ட். ஒரு மேட்ச்ங்கறதே 48 நிமிஷம்தான்; ஆனா அந்த சீசன்ல அவர் சராசரியா ஆடினது 48.5 நிமிஷம். எப்படின்னா, ஓவர்டைம் உட்பட கிட்டத்தட்ட எல்லா நிமிஷமும் கோர்ட்லயே இருந்திருக்கார். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவுல ஹெர்ஷிங்கற சாக்லேட் ஊர்ல, ஒரே மேட்ச்ல 100 பாயிண்ட். இந்த எண்களை எல்லாம் ஒரு டேட்டாபேஸ்ல பார்த்தா, யாரோ டெஸ்ட் டேட்டாவை அழிக்க மறந்துட்டாங்கன்னுதான் நான் நினைப்பேன்.

ஆனா கோப்பை? அது பெரும்பாலும் பாஸ்டன் செல்டிக்ஸ் சென்டர் பில் ரஸ்ஸல் கைக்குப் போச்சு. 13 சீசன்ல 11 கோப்பை. வில்ட்டுக்கு 1969 வரைக்கும் ஒண்ணே ஒண்ணு, 1967-ல ஃபிலடெல்ஃபியாவுக்காக. அடுத்த வருஷமே பாஸ்டன் கிட்ட 3-1னு முன்னாடி இருந்த தொடரைக் கோட்டை விட்டாங்க. அந்த ஏழாவது மேட்ச்ல ரெண்டாவது பாதி முழுக்க வில்ட் கூடையை நோக்கிப் போட்டது ரெண்டே முறை. "பெரிய மேட்ச்னா ஆள் காணாம போயிடுவார்"ங்கற பேரு அப்போவே ஒட்டிக்கிச்சு. கோலியாத்துக்காக யாரும் கைதட்ட மாட்டாங்கன்னு அவரே சொல்றது வழக்கம்.

1968 கோடையில அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கு வந்தார். அங்க ஏற்கனவே ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர். மூணு பேரும் ஒரே டீம்ல இருந்தா கோப்பை யாருக்குன்னு யாரும் கேட்கவே இல்ல. லேக்கர்ஸ் அந்த சீசன்ல 55 மேட்ச் ஜெயிச்சாங்க. பாஸ்டனுக்கு வயசாயிடுச்சு, 48 வெற்றியோட அவங்க பக்கத்துல நாலாவது இடம். ரஸ்ஸல் அப்போ பிளேயர் மட்டும் இல்ல, கோச்சும் அவரேதான். என்பிஏ-வோட முதல் கறுப்பின ஹெட் கோச்.

ஃபைனல்ஸ் 3-3. ஆறு மேட்ச்லயும் சொந்த ஊர் டீமே ஜெயிச்சது. ஏழாவது மேட்ச், மே 5, லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம்ல. லேக்கர்ஸ் முதலாளி ஜாக் கென்ட் குக் அரங்கத்தோட கூரையில ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வெச்சுட்டார். ஜெயிச்ச உடனே பலூன் விழும், பேண்ட் வாசிக்கும்னு நிகழ்ச்சி நிரல் தாளே அடிச்சிருந்தாங்க. அந்தத் தாள் பாஸ்டன் டீமோட கைக்குப் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே மொய் எழுதின கதை.

மேட்ச் லேக்கர்ஸ் பக்கம் போகல. நாலாவது குவார்ட்டர்ல ஒரு கட்டத்துல 17 பாயிண்ட் பின்தங்கிட்டாங்க. வில்ட் கணக்குல ஏற்கனவே அஞ்சு ஃபவுல். ஆறாவது வந்தா வெளிய போகணும். இங்க ஒண்ணு சொல்லணும்: வில்ட் தன் கேரியர்ல ஒரு மேட்ச்ல கூட ஆறு ஃபவுல் வாங்கினதில்ல. அந்த ரெக்கார்டைக் காப்பாத்தத்தான் அஞ்சாவது ஃபவுலுக்கு அப்புறம் மென்மையா ஆடறார்ங்கறது அவர் மேல இருந்த நெடுநாள் குற்றச்சாட்டு.

வித்தியாசம் குறைய ஆரம்பிச்சது. அஞ்சு நிமிஷத்துக்கும் கொஞ்சம் அதிகமா மிச்சம் இருக்கும்போது, ரீபவுண்டுக்குக் குதிச்சு இறங்கின வில்ட்டுக்கு முழங்கால் பிசகிடுச்சு. நொண்டிட்டே வெளிய போனார். பதிலுக்கு மெல் கவுன்ட்ஸ் வந்தார். லேக்கர்ஸ் துரத்தல் நிக்கல, வித்தியாசம் ஒரே பாயிண்டுக்கு வந்துடுச்சு. வில்ட் கோச் கிட்ட, நான் ரெடி, உள்ள அனுப்புங்கன்னு கேட்டார். கோச் புட்ச் வான் பிரெடா கோல்ஃபுக்கும் அவருக்கும் சீசன் முழுக்க ஆகாது. நீ இல்லாமலே நல்லாத்தான் போகுதுங்கற அர்த்தத்துல பதில் வந்தது. வில்ட் திரும்ப உட்கார்ந்தார். கடைசி நேரத்துல டான் நெல்சன் போட்ட பந்து வளையத்துல பட்டு, நேரா மேல எழும்பி, திரும்ப உள்ளயே விழுந்தது. பாஸ்டன் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் கூரையிலயே இருந்தது.

அந்த மேட்ச்ல வெஸ்ட் 42 பாயிண்ட், 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். தோத்த டீம்ல இருந்து ஃபைனல்ஸ் எம்விபி வாங்கின ஒரே ஆள் இன்னிக்கு வரைக்கும் அவர்தான். அதனால பழி போட இன்னொருத்தர் தேவைப்பட்டார்.

ரஸ்ஸல் அதோட ஓய்வு பெற்றார். கொஞ்ச நாள்ல ஒரு கல்லூரிக் கூட்டத்துல மாணவர்கள் முன்னாடி பேசும்போது வில்ட்டைப் பத்திச் சொன்னார்: அந்த மாதிரி மேட்ச்ல காலோ முதுகோ உடைஞ்சா ஒழிய வெளிய போகக் கூடாது, வில்ட் நழுவிட்டார்ங்கற மாதிரி. அது பேப்பர்ல வந்துடுச்சு.

இது ஏன் அவ்வளவு வலிச்சதுன்னா, இவங்க ரெண்டு பேரும் நண்பர்கள். தேங்க்ஸ்கிவிங் நாள்ல பாஸ்டன் டீம் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆட வந்தா, ரஸ்ஸல் வில்ட் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, அங்கயே ஒரு தூக்கமும் போடுவார். சாயங்காலம் கோர்ட்ல முட்டிக்குவாங்க. அப்படிப்பட்டவர் பொதுவுல கோழைன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல ரெண்டு பேரும் பேசிக்கல.

சரி, யார் சொன்னது நியாயம்?

என்னோட பார்வை இது. வலியை வெளியில இருந்து அளக்க முடியாது. ஆனா ரஸ்ஸலோட வாதம் ஒரு சின்ன விஷயத்தைத் தாண்டிப் போயிடுச்சு: வில்ட் திரும்ப வரேன்னு கேட்டார், கோச் மறுத்தார். "அவர் ஓடிட்டார்"ங்கற கதை அங்கயே உடைஞ்சிடுது. அதே நவம்பர்ல முழங்கால் தசைநார் கிழிஞ்சு அவர் படுத்தார். அந்த சீசன் அவ்வளவுதான்னு எல்லாரும் முடிவு கட்டினப்போ ப்ளேஆஃபுக்குத் திரும்பி வந்து ஆடினார். 1972 ஃபைனல்ஸோட கடைசி மேட்ச்ல அடிபட்ட கையோட 24 பாயிண்ட், 29 ரீபவுண்ட் எடுத்துக் கோப்பையும் ஜெயிச்சார். கோழைங்கற பட்டம் இவருக்குப் பொருந்தல.

ஆனா வில்ட் ரசிகர்களும் சந்தோஷப்பட வேண்டாம். ஸ்கோர்ஷீட்ல இன்னொரு வரி இருக்கு. அந்த ஏழாவது மேட்ச்ல வில்ட் 8 ஷாட்ல 7 போட்டார், 27 ரீபவுண்ட் எடுத்தார். ஃப்ரீ த்ரோ? 13-ல 4. யாரும் தடுக்காம, நின்ன இடத்துல இருந்து போடற ஒன்பது பாயிண்ட் போச்சு. மேட்ச் போனது ரெண்டு பாயிண்ட்ல.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, எனக்கு முழங்காலை விட இதுதான் முக்கியம். 1961-62-ல வில்ட் ஃப்ரீ த்ரோவை இடுப்புக்குக் கீழ இருந்து, ரெண்டு கையால தூக்கிப் போட்டார். பார்க்கச் சின்னப் பசங்க போடற மாதிரி இருக்கும். ஆனா அந்த வருஷம் 61 சதவீதம் உள்ள போச்சு. 100 பாயிண்ட் மேட்ச்ல 32-க்கு 28. அப்புறம் அந்த முறையை விட்டுட்டார். அப்படிப் போடறது கூச்சமா இருந்ததுன்னு அவரே பின்னாடி எழுதினார். 1967-68-ல சதவீதம் 38-க்கு இறங்கிடுச்சு. அதே முறையில போட்ட ரிக் பேரி கிட்டத்தட்ட 90 சதவீதம் வெச்சிருந்தார், எவன் சிரிச்சாலும் கவலைப்படல.

வேலை செய்யற கோடை, பார்க்க அசிங்கமா இருக்குன்னு தூக்கிட்டு, உடைஞ்ச கோடோட ப்ரொடக்‌ஷனுக்குப் போற மாதிரி. இதுதான் வில்ட் மேல வைக்கத் தகுந்த விமர்சனம். ஆனா இதை வெச்சு யாரும் இருபது வருஷம் சண்டை போடல. ஃப்ரீ த்ரோ சலிப்பான விஷயம். வீரமா கோழைத்தனமாங்கறதுதான் பேசச் சுவையா இருக்கு.

இன்னொண்ணு. அன்னிக்கு ரஸ்ஸல் எடுத்தது 6 பாயிண்ட், 21 ரீபவுண்ட். ஜெயிச்சதால அந்த 6-ஐ யாரும் கேட்கல. கேட்டாலும் பதில் சொல்ல முழு டேட்டா கிடையாது. ரஸ்ஸலோட உயிரே ப்ளாக் பண்றதுதான், ஆனா என்பிஏ ப்ளாக்கை அதிகாரபூர்வமா எண்ண ஆரம்பிச்சதே 1973-74-ல. லாக் இல்லாத சிஸ்டத்துல பிழை தேடற மாதிரிதான் ரெண்டு பக்கமும் இவங்களைப் பத்திப் பேசிட்டு இருக்கு.

பல வருஷம் கழிச்சு ரஸ்ஸல் மன்னிப்பு கேட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து மேடை ஏறினாங்க, போன்ல பேச ஆரம்பிச்சாங்க. ஒருத்தரை ஒருத்தர் யாரும் கூப்பிடாத நடுப்பெயரால கூப்பிட்டுக்கிட்டாங்க: ஒருத்தர் நார்மன், இன்னொருத்தர் ஃபெல்டன். 1999 அக்டோபர் 12-ல வில்ட் இறந்தார், வயசு 63. இறுதி அஞ்சலிக் கூட்டத்துல பேசினவங்கள்ல ரஸ்ஸலும் ஒருத்தர்.

அடுத்த எபிசோட்ல 1970 ஃபைனல்ஸ். நியூயார்க்ல இன்னொரு சென்டர், இன்னொரு அடிபட்ட கால், அரங்கமே எழுந்து நின்னு கைதட்டினது. எதிர்ல நின்னு அதைப் பார்த்தவர் நம்ம வில்ட்தான். அதுவரைக்கும் பை.