சேற்றுமேட்டில் ஒரு பண்ணை

லண்டனின் கிழக்கே தேம்ஸ் நதி லாடம் போல வளைகிற இடத்தில் 'ஐல் ஆஃப் டாக்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. நாய்த்தீவு என்று பெயர் வந்தாலும், ஆறு சூழ்ந்திருப்பது மூன்று பக்கம்தான். அங்கே 32 ஏக்கரில் ஊர்மக்கள் நடத்தும் பூங்காவும் பண்ணையும் உள்ளன. பெயர் மட்சூட். 'மட்' என்றால் சேறு, 'சூட்' என்றால் சரித்துத் தள்ளும் வழி. அந்த நிலம் பிறந்த கதை பெயரிலேயே இருக்கிறது.

1868-ல் அங்கே மில்வால் டாக் என்ற கப்பல்துறை திறக்கப்பட்டது. தானியமும் மரமும் வந்து இறங்கிய துறை. வண்டல் படிந்தால் கப்பல் உள்ளே வர முடியாது என்பதால் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வாரிய சேற்றைக் கரைத்து, காற்றழுத்தத்தால் குழாய் வழியே சாலைக்கு மறுபக்கம் கிடந்த நிலத்தில் கொட்டினார்கள். வருடக்கணக்கில் கொட்டியது மேடானது, மேட்டில் புல் முளைத்தது.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய விமானங்களின் முதல் இலக்குகளில் ஒன்று லண்டன் துறைமுகம். 1940 செப்டம்பர் 7 அன்று கிழக்கு லண்டன் பற்றி எரிந்தது. விமானங்களைச் சுட இந்தச் சேற்றுமேட்டில் பீரங்கிகள் வைத்தார்கள். ஒரு பீரங்கி இன்றும் அங்கே காட்சிக்கு நிற்கிறது.

போருக்குப் பின் கன்டெய்னர் கப்பல்கள் வந்தன. பழைய துறைகளில் வேலை குறைந்தது. பஸ், பள்ளிக்கூடம், கடை எதுவும் போதவில்லை என்று தீவு மக்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். 1970 மார்ச்சில் ஒரு நாள் சாலையை மறித்து, "நாங்கள் தனி நாடு" என்று அறிவித்துவிட்டார்கள்! டெட் ஜான்ஸ் என்பவர் 'ஜனாதிபதி'. மறியல் சில மணி நேரம்தான். ஆனாலும் உலகப் பத்திரிகைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

அதே காலத்தில், சேற்றுமேட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட லண்டன் பெருநகர நிர்வாகம் திட்டமிட்டது. ஊர்மக்கள் விடவில்லை. 1974-ல் அந்த நிலம் 'மக்கள் பூங்கா' என்று காப்பாற்றப்பட்டது. 1977-ல் சங்கம் அமைத்தார்கள். ஆடு மாடுகளைக் கொண்டுவந்தார்கள், மரம் நட்டார்கள், பாத்தி கட்டினார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போனோம். ஓட்டுநர் இல்லாத ரயிலில் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பேத்திதான் வண்டி ஓட்டினாள். வாசலில், "டிக்கெட் எங்க வாங்கணும் தாத்தா?" என்றாள். "இங்க டிக்கெட்டே கிடையாதும்மா" என்றான் மகன். உள்ளே ஆடு, பன்றி, கழுதை, தென்னமெரிக்க லாமா எல்லாம் இருந்தன. தோட்டப் பாத்திகளின் வேலியோரம் என் மனைவி நின்றுவிட்டாள். "ஏங்க, சுரைக்கொடி!" என்றாள். பக்கத்தில் வசிக்கும் வங்கதேசத்துக் குடும்பம் எதுவோ போட்டிருக்க வேண்டும்.

நான் பார்த்தது வேறு. செம்மறி மேய்கிற புல்வெளிக்குப் பின்னால் கண்ணாடிக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. அதுதான் கேனரி வார்ஃப். 1980-ல் கடைசித் துறைகளும் மூடப்பட்டன. மறு ஆண்டே அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. 1991-ல் 235 மீட்டர் உயரக் கட்டடம் எழுந்தது. அப்போது பிரிட்டனிலேயே உயரமானது அதுதான். பண்ணையிலிருந்து அது நடந்துபோகிற தூரம். மக்கள் 1974-ல் சும்மா இருந்திருந்தால், ஆடு நிற்கும் இடத்தில் என்ன நின்றிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வருவாய்த்துறையில் முப்பது வருடம் 'அ' பதிவேட்டைப் புரட்டியவன் நான். மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு, மந்தைவெளி என்று எத்தனை பதிவுகள்! ஒருவருக்கும் பட்டா இல்லாததால் ஊருக்கே சொந்தமான நிலங்கள் அவை. இன்று அந்தச் சொல் வசவாகிவிட்டது. வசவானது சொல் மட்டுமல்ல, நிலத்தையும் அப்படித்தான் நடத்தினோம். கேட்க ஆளில்லாத நிலம் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். மட்சூட்டும் ஒரு புறம்போக்குதான், அதுவும் சேறு கொட்டிய புறம்போக்கு. அதைக் கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கேட்டதோடு நிற்காமல் தினமும் சாணம் அள்ளவும் ஆள் வந்ததால்தான் ஐம்பது ஆண்டுகளாக அது நிற்கிறது.

உங்கள் ஊர் மந்தைவெளி எங்கே இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது? நம் வயதுக்காரர்களுக்குத்தான் அது நினைவிருக்கும். பேரப்பிள்ளைகளை ஒருமுறை அழைத்துக்கொண்டு போய் இடத்தைக் காட்டிவிடுங்கள்.