கொண்டலும் கார்திரளும்

குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை தருமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். நம் பெருமாளின் தலவரலாற்றைப் பெரியோர் எழுதுவர். 30 ஆண்டுகள் புவியியல் கற்பித்த அடியேன், முகில்வண்ணன் மேனிக்கு நிறம் தந்த அந்த முகிலையே எழுத எடுத்துக்கொண்டேன்.

மேலை நாட்டார் வகுத்த முறை

1802 டிசம்பரில் லூக் ஹோவர்ட் என்னும் மருந்துப்பொருள் தயாரிப்பாளர் இலண்டன் அறிஞர் கூட்டமொன்றில் மேகங்களைப் பற்றிய கட்டுரையை வாசித்தார். சுருள்முடி போன்றது சிர்ரஸ், குவியலாய் எழுவது குமுலஸ், படலமாய்ப் பரவுவது ஸ்ட்ராட்டஸ், மழை பொழிவது நிம்பஸ் என்று இலத்தீனில் பெயரிட்டார். அதே ஆண்டில் பிரான்சின் லமார்க் இட்ட பெயர்கள் பரவவில்லை. ஹோவர்டின் பெயர்கள் நிலைத்தன. மகாகவி கோதே அவரைப் போற்றிக் கவிதை இயற்றினார். 1896இல் பன்னாட்டு மேகப் படத்தொகுப்பு வெளிவந்தது. இன்று உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கும் பேரினங்கள் 10. அவற்றை நம் பாடநூல்கள் கீற்று, திரள், படை என அழகிய தமிழில் தருகின்றன.

நம் முன்னோர் கண்ட வானம்

நீரை முகந்து கொண்டதால் கொண்டல், மேலெழுவதால் எழிலி, கருத்திருப்பதால் கார். தமிழ்ப் பெயர்கள் முகிலின் செயலையும் நிறத்தையும் சொல்பவை. மணி, நீர், பொன், பூ, மண், கல், தீ எனப் பொழியும் பொருளால் மேகத்தை ஏழாக வகுத்ததும் நம் மரபே. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர், முகில் முகந்து பெய்யாவிடில் நெடிய கடலும் தன் வளம் குன்றும் என்றார்.

திருப்பாவையின் நான்காம் பாசுரத்தை எண்ணும்போதெல்லாம் அடியேனுக்கு மெய்சிலிர்க்கும். கடலுள் புகுந்து நீரை முகக்க வேண்டும். ஆர்த்து மேலேற வேண்டும். ஊழி முதல்வன் திருமேனிபோல் கறுக்க வேண்டும். ஆழிபோல் மின்னி, வலம்புரிபோல் அதிர்ந்து, சார்ங்கம் உதைத்த அம்புகளாய்ப் பொழிய வேண்டும் என்று மழைத் தெய்வத்தைப் பணிக்கிறாள் நாச்சியார். 10 பேரினங்களுள் மின்னலும் இடியும் உடையது கார்திரள் மேகம் ஒன்றே. அடி தாழ்ந்து கறுத்திருக்கும். வெப்பமண்டலத்தில் முடி 15 கிலோமீட்டருக்கும் மேலே செல்லும். அதன் பிறப்பும் ஏற்றமும் நிறமும் முழக்கமும் பொழிவும் அப்பாசுரத்தில் வரிசை பிறழாமல் நிற்கின்றன.

அன்பர்களே, மார்கழி விடியலில் பிள்ளைகளுக்கு அப்பாசுரத்தைச் சொல்லிக்கொடுங்கள். பிறகு வாசலுக்கு அழைத்து வந்து வானத்தைக் காட்டி, இது கீற்று, இது திரள், இது கார்திரள் என்று பெயர் சொல்லுங்கள். முகிலின் பெயரறிந்த பிள்ளை மழையின் அருமையையும் அறியும்.